கடல் தொழில் என்று சொன்னவர்

விழிப்புணர்வு நாள் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். மயக்கம் கொடுக்கிறவர்களே விழிப்புணர்வு பற்றிப் பேசுகிறார்கள் என்ற அந்தப் பழைய ஜோக்கைச் சொல்லி ஆரம்பிக்கமாட்டேன். நம் மயக்க டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் வருஷா வருஷம் யாராவது ஒருவர் அதைச் சொல்லுவார், முன்வரிசை மட்டும் சிரிக்கும். எனக்கு அலுத்துவிட்டது. ஓய்வு பெற்றதில் கிடைத்த ஒரே லாபம், அந்தக் கூட்டங்களுக்குப் போகவேண்டியதில்லை.

விழிப்புணர்வு என்றால் உங்களுக்குப் பந்தல், பேனர், துண்டுப் பிரசுரம். நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பந்தல் போட்டு, ‘உங்கள் மயக்கவியல் மருத்துவரைத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று பேனர் கட்டினோம். கூட்டம் வராமல் இல்லை, பொய் சொல்லக் கூடாது. எல்லாரும் பிரஷர் பார்த்துக்கொள்ள வந்தார்கள். பார்த்துக்கொண்டு, பேனரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பஸ் ஏறப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நீங்க டாக்டரா, டாக்டருக்கு ஒத்தாசையாம்மா?”

“டாக்டர்தாங்க. ஆபரேஷன் பண்ணும்போது மயக்கம் குடுக்குற டாக்டர்.”

“அதான் கேக்குறேன். ஊசியப் போட்டுட்டு வெளிய வந்துடுவீங்களா, முடியிற வரிக்கும் அங்கயே நிப்பீங்களா?”

“முடியிற வரிக்கும் அங்கயேதான்.”

“அவ்ளோ நேரம் சும்மா நின்னுக்கிட்டு என்னாம்மா பண்ணுவீங்க?”

பதில் சொல்லத்தான் அந்தப் பந்தல். சொல்லவும் வாய் திறந்தேன். ஆனால் சித்திரை வெயில், தொண்டை வறண்டிருந்தது, அவருக்குப் பின்னால் பிரஷருக்கு ஆள் நின்றிருந்தார்கள். அவருக்கும் பிரஷர் பார்த்து அனுப்பிவிட்டேன்.

நான் சிதம்பரத்தில் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒன்று சொல்லுவார்: நோயாளிக்கு நம் முகம் ஞாபகமில்லை என்றால் நம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்திருந்தது. பேரும் வேண்டாம் புகழும் வேண்டாம் என்று நினைத்துக்கொள்வதிலும் ஒரு பெருமை இருக்கிறது, பாருங்கள். நோயாளிகள் என்னை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டபோதெல்லாம் திருத்தாமல் விட்டதற்கு அந்தப் பெருமையும் காரணம், சோம்பலும் காரணம். பேராசிரியர் சொன்னது பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரியவந்த கதைதான் இது. இதைப் பேனரில் எழுத முடியாது.

சுனாமி வந்துபோன மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ. நான் அப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் நிரந்தரம் இல்லை. கடலூரில் நாலைந்து நர்சிங் ஹோம், வாரத்தில் சில நாள் சிதம்பரம். போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுக்க வேண்டியதுதான். அன்று காலையில் கூப்பிட்டது ஒரு சின்ன நர்சிங் ஹோம். கீழே நோயாளிகளைப் பார்க்கிற இடம், மாடியில் தியேட்டர். வென்டிலேட்டர் எல்லாம் கிடையாது. அங்கிருந்த சர்ஜன் கைராசிக்காரர். கடலோரக் குப்பங்களில் அவர் பேரைச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். என்னைக் கண்டால், “பூசாரி வந்தாச்சு, இனிமே சாமி வரம் குடுக்கலாம்” என்பார். தினமும் சொல்லுவார்.

நோயாளியின் பெயர் கலியமூர்த்தி. நாற்பது வயதிருக்கும். குடல்வால் வெடித்து, வயிறு பலகையாக இறுகி, கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். கூட அவர் மனைவி அஞ்சலை, அஞ்சலையின் தம்பி சிவா. குடிகாட்டுப் பக்கம் என்றார்கள். எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டேன். சர்க்கரை உண்டா, இழுப்பு உண்டா, முன்னால் ஆபரேஷன் நடந்திருக்கிறதா, பல் ஏதும் ஆடுகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியில் என்ன வேலை என்று கேட்டேன்.

கலியமூர்த்தி கண்ணைத் திறக்கவில்லை. அஞ்சலை பட்டென்று சொன்னாள்.

“கடலுக்குப் போறாருங்க.”

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். வலைக்கயிறு அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது? உடம்பில் சோப்பு வாசம் பளிச்சென்று அடித்தது. வலியில் துடிக்கிற மனுஷனைக் குளிப்பாட்டியா கூட்டி வந்தார்கள் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆஸ்பத்திரிக்கு என்றால் உள்ளதில் நல்ல துணியைக் கட்டிக்கொண்டு வருகிற ஜனங்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலை என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவே இல்லை. அவள் கண் என் தோளுக்கு மேலே யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர், டாக்டரு எப்ப வருவாரு?”

“வந்துடுவாரும்மா” என்றேன்.

வயிறு உப்பியிருந்தது, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும் பயம் இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் எந்த மருந்தை எடுப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் மூடித் திறப்பதற்குள் தசைகளையெல்லாம் தளர்த்திவிடும், மூச்சும் நின்றுவிடும், குழாயைச் சட்டென்று இறக்கிவிடலாம். ரத்தத்தில் இருக்கிற ஒரு சத்து அந்த மருந்தைச் சில நிமிஷத்தில் கரைத்துவிடும். அதுவரை நாம் பையை அமுக்கி மூச்சு கொடுப்போம், அப்புறம் அவரே எடுத்துக்கொள்வார். கடன் வாங்கிய மூச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லுவோம்.

கலியமூர்த்தி திருப்பிக் கொடுக்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் மருந்து விட்டுப்போய், வயிற்றுத் தசை லேசாக அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், நீண்ட நேரம் தசையைத் தளர்த்தி வைக்கிற இரண்டாவது மருந்தைக் கொடுப்பேன். சர்ஜன்களுக்கு அது பிடிக்காது, வயிறு இறுகுகிறது என்று சத்தம் போடுவார்கள். அன்று அந்த அசைவு வரவே இல்லை. நான் இரண்டாவது மருந்தைத் தொடவில்லை. சர்ஜனோ ஏக சந்தோஷத்தில் இருந்தார்.

“மேடம், இன்னைக்கு வயிறு வெண்ணெயா இருக்கு. தினம் இதே மாதிரி குடுங்க.”

நான் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. தையல் போட்டாயிற்று. தூங்க வைக்கிற வாயுவைக் குறைத்தேன், காத்திருந்தேன். நாடி நன்றாக இருந்தது, பிரஷர் நன்றாக இருந்தது, ஆக்சிஜன் நன்றாக இருந்தது. மூச்சு மட்டும் இல்லை. விரல்கூட அசையவில்லை. சர்ஜன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

“என்ன மேடம், தூங்கிட்டாரா?”

“மூச்சு வரல சார்.”

“ரிவர்சல் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்.”

இந்த இடத்தில்தான் உங்களோடு கொஞ்சம் நிற்கவேண்டும். ஒரு மனுஷன் மூச்சில்லாமல் கிடக்கும்போது, சுற்றி நிற்கிற எல்லாருக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்று கை அரிக்கும். ஏதாவது ஒன்றைப் போடு, எங்கேயாவது அனுப்பு, யாரையாவது கூப்பிடு. அவர் சொன்ன ஊசி இரண்டாவது மருந்தை முறிப்பதற்கு. அதை நான் கொடுக்கவே இல்லை. முதல் மருந்து உடம்பில் நிற்கும்போது அதைப் போட்டால் நிலைமை இன்னும் இழுத்துக்கொண்டுதான் போகும். வேண்டாம் என்றேன். ஆம்புலன்சில் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிடலாமா என்றார். அந்த ரோட்டில், குலுங்குகிற வண்டியில், வழியில் குழாய் நழுவினால் யார் பிடிப்பது? அதுவும் வேண்டாம் என்றேன்.

“அப்ப என்னதான் பண்றது?”

“நான் இங்கயே உக்காந்து பையை அமுக்குறேன். அவரா மூச்சு விடுற வரைக்கும்.”

“எவ்ளோ நேரம்?”

“தெரியாது சார்.”

அதுதான் நிஜம். தெரியாது. ஏன் இப்படி ஆனது என்பதும் தெரியாது. பிறவியிலேயே சிலருக்கு அந்தச் சத்து ரத்தத்தில் குறைவாக இருக்கும் என்று படித்திருக்கிறேன், அதுவாக இருக்கலாம். மூளையில் ஏதாவது ஆகியிருந்தால்? அந்த எண்ணம் வந்துவிட்டுப் போனது, திரும்ப வந்தது.

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் கடைக்கண்ணில் தண்ணீர் கோத்திருப்பதைப் பார்த்தேன். உங்களுக்குப் புரியும். உடம்பு அசையாது, ஆனால் உள்ளே ஆள் விழித்திருக்கலாம். காதும் கேட்கலாம். வாயுவை மறுபடி கொஞ்சம் திறந்தேன். அவர் காதருகே குனிந்து, “கலியமூர்த்தி, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. மூச்ச நான் பாத்துக்குறேன். நீங்க தூங்குங்க” என்றேன். அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொல்லிக்கொண்டேனா, தெரியவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் நோயாளியிடம் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தாலும் பேசுங்கள்.

சர்ஜன் கீழே போய்ச் சொன்னது ஒரே வார்த்தைதான். “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது. மயக்கந்தான் இன்னும் தெளியல. மயக்க டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை வராண்டாவைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் என்னவாகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மயக்க மருந்து ஜாஸ்தியா குடுத்துட்டாங்களாம். நம்மைப் பற்றி நம் ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே செய்தி அதுதான். நல்லபடியாக முடிந்தால் சர்ஜன் கைராசி, முடியாவிட்டால் மயக்க மருந்து ஜாஸ்தி.

குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோக்களில் ஆள் வந்து இறங்கினார்கள். சத்தம் மாடி வரைக்கும் வந்தது. அப்புறம் மாடிக்கே வந்தது. தியேட்டர் கதவை யாரோ உதைத்தார்கள். சிவாவின் குரல்தான்.

“எங்க மாமாவக் காட்டுங்க! எவ அவ, ஊசி போட்டவ? வெளிய வரச் சொல்லு!”

எனக்குப் பயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கை நடுங்கினால் பை நடுங்கும் என்பதால் நடுங்கவில்லை, அவ்வளவுதான். பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கட்டைவிரல் மரத்துப்போய், கையை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருக்கிறேன். வெளியே நிற்கிறவர்கள் மனதில் நான் ஊசியைப் போட்டுவிட்டு எங்கோ டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். சர்ஜன் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது.

“போலீசக் கூப்புடவா மேடம்?”

“வேணாம். அந்தம்மாவ உள்ள கூப்புடுங்க.”

“தியேட்டருக்குள்ளயா? இத பாத்தா இன்னும் கத்தும்.”

“கத்தட்டும் சார். ஆனா பாத்துட்டுக் கத்தட்டும்.”

நர்ஸ் அஞ்சலையைப் பின்கதவு வழியாகவே அழைத்துவந்து, மேலே ஒரு பச்சை அங்கியைப் போட்டு நிறுத்தினாள். அவள் கத்தவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். புருஷன் வாயில் குழாய், குழாயின் முனையில் ஒரு கறுப்புப் பை, பை என் கையில்.

“கிட்ட வாம்மா. உன் கைய அவரு நெஞ்சு மேல வை.”

வைத்தாள். நான் பையை அமுக்கினேன். நெஞ்சு ஏறியது. விட்டேன், இறங்கியது. மறுபடி அமுக்கினேன். அவள் என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மறுபடி என் கையைப் பார்த்தாள்.

“இது… நீங்க உடுற மூச்சா?”

“ஆமா. அவரால இப்ப விட முடியல. விடுற வரைக்கும் நான் விடுவேன்.”

“காலையிலேந்தா?”

“காலையிலேந்துதான்.”

அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே இருந்த அளவு முகத்தை. இதற்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று கேட்டேன்.

“அஞ்சல, எனக்கு ஒரு உண்மை வேணும். அவரு ஒடம்புல ஏதோ ஒண்ணு இந்த மருந்தக் கரைய விடாம புடிச்சு வச்சிருக்கு. அவரு நெஜமாவே கடலுக்குத்தான் போறாரா?”

நான் பையை அமுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் வேறு சத்தம் இல்லை. அந்தச் சத்தம்தான் அவளைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

“படகு ஒடஞ்சி எங்கம்மா கடலுக்குப் போறது? சுனாமில எல்லாம் போச்சு. செம்மங்குப்பத்துல கம்பெனிக்குப் போறாரு. மூட்டப் புடிக்கிறாரு.”

“என்ன மூட்டை?”

“மருந்துதான். பூச்சி மருந்து. பவுடர அள்ளிக் கொட்டிக் கட்டணும்.”

“கைக்கு, மூக்குக்கு ஏதாவது போட்டுக்குவாரா?”

“துண்டக் கட்டிக்குவாரு.”

“ஏம்மா காலையில சொல்லல?”

“கம்பெனில வேலன்னு ஆஸ்பத்திரில சொல்லக் கூடாது, சொன்னா மறுநாளு கேட்டுக்குள்ள உடமாட்டோம்னு கான்ட்ராக்டு ஆளு சொல்லி வச்சிருக்கான். அதான் சோப்பு போட்டுத் தேச்சு, அந்த வாசன போவ ஒடம்பத் தொடச்சிக் கூட்டியாந்தோம்.” கூடவே சொன்னாள்: “அதோட, கடலுக்குப் போறவருன்னு சொன்னாத்தான் அவருக்கும் நல்லா இருக்கும்.”

எல்லாம் ஒரே இழுப்பில் வலை போல மேலே வந்துவிட்டது. பூச்சி மருந்து உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் மருந்தைக் கரைக்கிற அந்தச் சத்தையே தின்றுவிடும் என்று நாம் எல்லாரும் பரீட்சைக்குப் படித்ததுதான். அவர் மூளைக்கு ஒன்றும் இல்லை. மருந்தைக் கரைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தானாகக் கரையும், மெதுவாகக் கரையும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையால் துடைக்க முடியாது, கை பையில் இருந்தது. நர்ஸ் துடைத்துவிட்டாள்.

“பொழச்சிக்குவாராம்மா?”

“பொழச்சிக்குவாரு. நேரம் ஆவும். நீ போயி உன் தம்பிகிட்ட சொல்லு.”

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். உள்ளே எல்லாம் கேட்டது.

“அக்கா, என்னா சொல்றாங்க? இருக்காரா இல்லியா?”

“ஒங்க மாமாவுக்கு இந்தம்மாதான்டா மூச்சு உட்டுக்கிட்டு இருக்காங்க. ஒக்காந்த எடத்த உட்டு எழுந்திரிக்கல. நீ கதவ ஒதைக்கிற? வாய மூடிக்கினு உக்காரு.”

அதற்கப்புறம் அந்த மாடியில் ஒரு சத்தமும் இல்லை. எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், அந்த நாலு வார்த்தை செய்த வேலையை என் பேச்சு எதுவும் செய்ததில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் கலியமூர்த்தியின் வயிறு விக்கல் மாதிரி ஒருமுறை துள்ளியது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று. நான் அமுக்குவதற்கு முன்னாலேயே பை தானாகச் சுருங்கியபோது, அதை இழுத்தது நானில்லை அவர் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவர் கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கி, என் விரலை இறுகப் பிடித்த பிறகுதான் குழாயை எடுத்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எழுந்து நின்றபோது இடுப்பு நிமிரவில்லை.

அவர் வீட்டுக்குப் போகிற அன்று வேறொரு கேஸுக்காக நானும் அங்கே இருந்தேன். சர்ஜனுக்குப் பெரிய கொடுவா மீன் ஒன்று வந்திருந்தது. கலியமூர்த்தி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என்னைப் பார்த்துவிட்டு மனைவியிடம், “சிஸ்டருக்கும் ஏதாச்சும் குடு” என்றார். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. என் பேராசிரியர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

“சிஸ்டரு இல்லய்யா” என்று மட்டும் அஞ்சலை சொன்னாள். நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்தாள்.

“காலையிலயே சொல்லியிருந்தா இப்பிடி ஆயிருக்காதாம்மா?”

“ஆயிருக்காது. வேற மருந்து குடுத்திருப்பேன்.”

“டாக்டரு கேட்டிருந்தாகூட சொல்லியிருப்போமோ என்னமோ. ஊசி போடுற அம்மாதான, இவுங்ககிட்ட எதுக்கு அந்தக் கதையெல்லாம்னு இருந்துட்டோம்.”

அவள் என்னை இடித்துப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னாள். இத்தனை வருஷம் நான் திருத்தாமல் விட்ட ‘சிஸ்டர்’ எல்லாம் அந்த இடத்தில் ஒன்றாக வந்து நின்றன. நம்மை யாருக்கும் தெரியவில்லை என்பது நம் கௌரவப் பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. நாம் யார் என்று தெரியாதவர்கள் நம்மிடம் உண்மையைச் சொல்லமாட்டார்கள், உண்மை தெரியாமல் கொடுக்கிற மருந்து அவர்கள் உடம்பில்தான் போய் நிற்கும். நஷ்டம் நமக்கில்லை.

“இனிமே யாருக்கு ஆபரேஷன்னாலும், கம்பெனி வேலைன்னு மயக்கம் குடுக்குறவங்ககிட்ட மட்டுமாவது சொல்லச் சொல்லு. அவுங்க கம்பெனி கேட்டுல போயி சொல்லமாட்டாங்க” என்றேன்.

“சொல்லலாம். அவுங்க யாருன்னு எப்பிடித் தெரியும்? எல்லாரும் மூஞ்சிய மூடிக்கினு ஒரே பச்சத் துணியில நிக்கிறீங்க.”

“கேக்கச் சொல்லு. மயக்கம் குடுக்குற டாக்டர் யாருன்னு கேக்கச் சொல்லு.”

சரியென்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் விட்டீர்கள் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேளுங்கள்.

அப்புறம் எத்தனையோ கேஸ், எத்தனையோ ஊர். அந்தப் பஸ் ஸ்டாண்டு பந்தல்கூட இதற்கெல்லாம் பிறகு போட்டதுதான். அங்கே உட்கார்ந்து பிரஷர் பார்த்ததில், ஒன்றும் மாறப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். முட்டியும் வலிக்க ஆரம்பித்திருந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், அண்ணாமலை நகர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம். பித்தப்பைக் கல்லுக்கு ஒரு பெண். முந்தின நாள் அவளைப் பார்த்துக் கேள்வியெல்லாம் கேட்டது வேறொருவர். எல்லாம் சரி, வீட்டு வேலை, ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்திருந்தாள், அதனால் அந்தப் பழைய மருந்தையே ஊசியில் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. அந்தப் பெண் கதவு நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள் என்று சொன்னார்கள். பயந்திருப்பாள் என்று நினைத்து வெளியே வந்தேன். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், “சிஸ்டர், மயக்கம் குடுக்குற டாக்டரக் கூப்புடுங்க. அவுங்க வந்தாத்தான் உள்ள வருவேன்” என்றாள்.

“எதுக்கும்மா?”

“அவுங்ககிட்டதான் சொல்லணும்.”

“நான்தாம்மா அந்த டாக்டர்.”

அவள் நம்பவில்லை. மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் தலையாட்டினாள். கதவு நிலையை விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். அவள் தலைமுடியில் சீயக்காய் வாசம். அதற்கு அடியில், லேசாக, வேறொன்று.

“நேத்து வீட்டு வேலன்னு சொன்னது பொய்யி. கம்பெனில மூட்ட தைக்கிறேன், பூச்சி மருந்து மூட்ட. வெளிய சொல்லிடாதீங்க. எங்க ஊருல அஞ்சலன்னு ஒரு அக்கா இருக்காங்க. யாருகிட்ட மறைச்சாலும் மறைச்சிக்கோ, மயக்கம் குடுக்குறவங்ககிட்ட மட்டும் மறைக்காதடின்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

“அவங்க வீட்டுக்காரரு எப்பிடி இருக்காரு?”

“இருக்காரு. கம்பெனிக்குத்தான் போறாரு. ஒங்களுக்குத் தெரியுமா அவுங்கள?”

“தெரியும்” என்றேன்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் முன்னால் போய், எடுத்து வைத்திருந்த ஊசியைத் தட்டிலிருந்து எடுத்து, மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிக் கொட்டினேன். வேறொன்றை எடுத்தேன். ஆபரேஷன் முடிந்ததும் அவள் தன் மூச்சைத் தானே விட்டாள்.